சந்தனம் பூசிய துவக்கும் இரண்டு சம்பந்திமாரும்

லாசால் பட்டறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று பட்டறை முதலாளி மதாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அரைவாசிதான் நம்புங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது பின்கதவால் வந்து உங்கள் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். சிலருடைய கை பரவாயில்லை. சிலருடைய கையைப் பற்றி நேரில் சொல்வேன்.

புதியவர்களுக்குப் பிரயோசனமாக நாலு பக்கம் எழுதித் தரும்படி மதாம் கேட்டார். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். பள்ளிக்கூடமும் அழவில்லை, நானும் அழவில்லை. கியூபெக்குக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு அறைக்குள் ஐந்து பேராகப் படுத்தெழும்பி, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு இந்தப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்ட வந்தேன். கூட்டிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே கற்றேன். கடைசியில், நான் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு ஆக்‌ஷனும் வாசல் தாண்டாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தேன். இதை வேறு யாராவது எழுதினால் அழகாக இருக்கும். ஒருவரும் எழுதவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

உங்களில் சிலர் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள். அதனால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். துவக்கு, அதாவது துப்பாக்கி, என்றால் சனம் குழலைத்தான் பார்க்கும். துவக்கின் உயிர் குழலுக்குப் பின்னால் இருக்கிறது. போல்ட் என்ற உருளை முன்னே போய் ரவை என்கிற தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும், கைபிடியைக் கீழே இறக்கினால் பூட்டிக்கொள்ளும், சுட்ட பின் ரவையின் வெற்றுக் கோதைப் பிடித்து வெளியே இழுக்கும். அந்த உருளையும் அது ஓடும் வீடும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். நாம் செய்வது அதைத்தான், கேட்பவரின் அளவுக்கு.

கேட்பவர்கள் இரண்டு சாதி. முதலாவது இலக்குக்காரர். இவர்கள் காகிதத்தைச் சுடுபவர்கள். காகிதம் ஓடாது, ஒளியாது, திரும்பிப் பாயாது. ஆனாலும் இவர்கள் அதற்கு எடுக்கும் ஆயத்தம் ஒரு நாட்டின் மேல் படையெடுப்பதற்குப் போதும். போல்டுக்கும் வீட்டுக்கும் இடையில் காற்றுக்கூடப் புகக் கூடாது என்பார்கள். புகாதபடிதான் செய்து கொடுப்போம். அது அவர்களுக்குச் சரி. கூரைக்குக் கீழே, மேசையில் துணி விரித்து, துடைத்துத் துடைத்துச் சுடுகிறவர்களுக்கு இறுக்கம்தான் அழகு.

இரண்டாவது வேட்டைக்காரர். இவர்களுடைய துவக்கு சேற்றில் விழும், பனியில் உறையும், தேவதாரு இலை உள்ளே போகும். ஆகவே இவர்களுக்குச் செய்யும் ஆக்‌ஷனில் வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விடுவோம். கையில் எடுத்தால் மெல்ல ஆடும். ஆட வேண்டும். அந்த இடைவெளிதான் குப்பையை விழுங்கிக்கொண்டு வேலை செய்யும்.

இவ்வளவுதான் ஒப்பீடு. இதற்கு மேல் இணையத்தில் ஆயிரம் பேர் எழுதுவதெல்லாம் நித்திரை வராதவர்களின் வேலை. ஆனால் எங்கள் விற்பனைக் கவுண்டருக்கு வருபவர்கள் இப்படி வாங்குவதில்லை. தேவையைப் பார்த்து வாங்குபவர் அருமை. மற்றவனிடம் இல்லாதது எது என்று பார்த்து வாங்குபவர்தான் மிச்சப் பேர். அப்படி ஒருவருடைய கதையைத்தான் எழுதப் போகிறேன். அவரைக் குகன் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பெயர் இல்லை.

குகன் பியர்பொன்ட்ஸில் சொந்த வீட்டில் இருப்பவர். யாழ்ப்பாணத்து ஆள், கூரை வேலைக் கம்பனி வைத்திருக்கிறார். ஒரு கோடைகாலத்தில் வந்து, பச்சைத் துணி விரித்த கவுண்டரில் நான் வைத்த மூன்று ஆக்‌ஷனையும் நகைக்கடையில் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அண்ணை, உந்த மூண்டிலயும் எது திறம்?”

“என்னத்துக்குத் தம்பி?”

“மூஸ் வேட்டைக்கு.”

“இதுக்கு முதல் எத்தினை சுட்டனீர்?”

“இனித்தான் சுட வேணும்.”

மெதுவாகக் கதை வெளியே வந்தது. மகள் தர்ஷி ஒரு கியூபெக் பெடியனை விரும்புகிறாள். பெடியன் நல்லவன். அவனுடைய தகப்பன் றெஜான் பரம்பரை வேட்டைக்காரர். வடக்கே ஏரிக்கரையில் மரக்குடில் வைத்திருப்பவர். கலியாணப் பேச்சு தொடங்கியதும் அவர் குகனின் தோளைத் தட்டி, இலையுதிர்காலத்தில் இருவரும் சேர்ந்து மூஸ் என்ற பெரிய காட்டு மான் வேட்டைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார். குகனும் வாய் தவறி, தனக்கும் வேட்டையில் விருப்பம் என்று சொல்லிவிட்டார். பிறகு ஓடிப்போய்த் துவக்குப் பாதுகாப்பு வகுப்பெடுத்து, சோதனை எழுதி, லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

நான் வேட்டை ஆக்‌ஷனை எடுத்துக் கொடுத்தேன். அவர் போல்டை அசைத்துப் பார்த்தார்.

“இது ஆடுது, அண்ணை.”

“ஆட வேணும்.”

“பல்லு ஆடினா டொக்டரிட்ட ஓடுறம். துவக்கு ஆடினா நல்லதோ?”

“சேறு, பனி எல்லாம் போனாலும் வேலை செய்யும். அதுக்குத்தான்.”

“சம்பந்தியின்ர துவக்கும் உப்பிடித்தான் கிலுகிலுவெண்டு ஆடும். தேப்பன்ர காலத்துத் துவக்கு. அதைவிட ஒரு படி மேல வேணும்.”

பிறகு இலக்குக்காரரின் ஆக்‌ஷனை எடுத்தார். போல்டைச் சுண்டுவிரலால் தள்ளினார். அது கண்ணாடியில் எண்ணெய் விட்டதுபோலப் போய் நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

“தம்பி, இது காகிதம் சுடுறவைக்கு. காட்டுக்குக் கொண்டு போற சாமான் இல்லை.”

அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பகிடி எல்லாம் போய்விட்ட குரலில் சொன்னார்:

“அண்ணை, எங்களை அகதியா வந்த சனம் எண்டு அவர் வாயால சொல்லமாட்டார். நல்ல மனுசன். ஆனா மனதுக்குள்ள எங்களைச் சின்ன ஆக்களா நினைச்சாரெண்டா, என்ர பிள்ளை அங்க போய்ச் சின்னனாத்தான் இருப்பாள். நான் அந்தக் குடிலுக்குள்ள போகேக்க ஆளாய்ப் போக வேணும்.”

தகப்பன் இப்படிச் சொன்னால் ஆக்‌ஷன் வித்தியாசம் விளங்கப்படுத்த யாரால் முடியும்? செய்து கொடுத்தேன். மினுங்கும் வால்நட் மரத்தில் பிடி. நானே சொல்லக் கூடாது, மிகவும் அழகான துவக்கு. சுடும் மைதானத்தில் மேசையில் வைத்து அவர் சுட்ட ரவைகள் எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போயின. மனிதருக்குக் கண்ணும் கையும் இருக்கிறது என்று நினைத்தேன். காகிதத்துக்கு முன்னால் எல்லோருக்கும் இருக்கும்.

அந்த வருடம் நவராத்திரி பிந்தி வந்தது. வேட்டை நாளோடு ஒட்டி வந்து எனக்கு வேலை வைத்தது.

வேட்டைக்குப் போகும் நாள் மத்தியானம் குகனும் மனைவி ரஞ்சியும் பட்டறைக்குள் ஓடி வந்தார்கள். குகன் நீளப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு முதலில் மணம்தான் வந்தது. எண்ணெய், இரும்பு, கோப்பி மூன்றும் மட்டும் மணக்கும் பட்டறைக்குள் கோவில் மணம். பிறகு பார்த்தேன். குழலில் மூன்று விபூதிக் குறி. பிடியில் குங்குமம். போல்ட் ஓடும் பாதை முழுக்க மஞ்சள் நிறத்தில் காய்ந்து வெடித்திருந்தது.

“இது என்ன தம்பி?”

“ஆயுத பூசை, அண்ணை. சாமி அறையில வைச்சனாங்கள். கூரை அடிக்கிற சுத்தியல், ட்ரில், எல்லாத்துக்கும் வருஷா வருஷம் வைக்கிறனாங்கள்தானே. இந்த வருஷம் இதுவும் இருந்தது. இப்ப போல்ட் திறக்குதில்லை.”

“சுத்தியலுக்குச் சந்தனம் பூசினா சுத்தியல் அடிக்கும். இதுக்குள்ள காத்துக்கூடப் போகாது எண்டுதானே ஆசையா வாங்கினனீர்! சந்தனம் எங்க போகும்?”

“இவர் கோவில் மூலஸ்தானத்தில பூசுற மாதிரிப் பூசினவர், அண்ணை,” என்றார் ரஞ்சி. “பன்னீர் விட்டுக் குழைச்சு, தாராளமா. பேந்து பூட்டியும் வைச்சவர். வீட்டுக்குள்ள ஹீற்றர். காய்ஞ்சு சீமெந்தாப் போச்சுது.”

மதாம் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கி, நல்ல வாசம், இது என்ன புதிய எண்ணெயா என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டார். நான் ஓம் என்றேன். சில விளக்கங்களுக்கு நேரம் வேண்டும்.

நேரம் இல்லை. றெஜான் பின்னேரம் பிக்கப்போடு பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கிருந்து இருவரும் வடக்கே புறப்பட வேண்டும். சம்பந்தி வாசலில் வந்து நிற்கும்போது, துவக்கு திறக்கவில்லை, சாமிக்குப் பூசை வைத்துக் கெட்டுப்போய்விட்டது என்று குகன் எப்படிச் சொல்வார்? அவர் கைபிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

“அண்ணை, ஒரு தட்டுத் தட்டுங்கோ. சின்னத் தட்டு. உங்கட கைக்கு இது ஒரு வேலையோ?”

இதைக் கவனியுங்கள். முகஸ்துதி என்றால் என் கை தானாக எழும்பும். ரப்பர் சுத்தியல் பக்கத்தில்தான் இருந்தது. இறுகிய போல்டை அதனால் கைபிடிக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டித் திறப்பது எனக்குப் பழக்கம். உங்களுக்கும் பழகும். சுத்தியல் என் கையில் வந்துவிட்டது. எல்லோரும் அவசரப்படும்போது நம்முடைய கை, தான் அறிந்த வேலையைச் செய்யத்தான் ஓடும். அந்த நேரத்தில்தான் கையை மறித்து வாயைத் திறக்க வேண்டும்.

“குகன், உள்ளுக்குள்ள ஏதும் இருக்கோ?”

“இல்லை, அண்ணை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும்.”

“இல்லையெண்டுறன்தானே! நான் வகுப்பெடுத்த ஆள்.”

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ரஞ்சியின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாலிக்கொடியைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“தங்கச்சி, உங்களைத்தான் கேக்கிறன்.”

“அது வந்து... ஒண்டு வைச்சது, அண்ணை.”

“என்ன ஒண்டு?”

“ரவை ஒண்டு. பூசைக்கு ஒண்டையும் வெறுமையா வைக்கக் கூடாதெல்லோ? அரிசி டப்பா, காசுப் பெட்டி எண்டாலும் நிரப்பித்தானே வைக்கிறனாங்கள். நான்தான் சொன்னனான். இவர் வைச்சுப் பூட்டினவர். பேந்து எடுத்திட்டனெண்டு சொன்னவர். எடுத்ததை நான் காணேல்லை.”

குகன் எடுக்க முயன்று முடியாமல்தான் எங்களிடம் ஓடி வந்திருக்கிறார். மனைவி என்ன நினைப்பாள், நான் என்ன நினைப்பேன் என்று இல்லை என்றிருக்கிறார். அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தேன். குழலுக்கு நேர் முன்னால் நின்றார். பியர்பொன்ட்ஸிலிருந்து லாசால் வரைக்கும் நெடுஞ்சாலையில், காரின் பின்னால், அந்தத் துவக்கு அப்படியே வந்திருக்கிறது.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த திறமான வேலை எது என்று யாராவது கேட்டால், பரிசு வாங்கிய ஆக்‌ஷன்களைக் காட்டுவேன் என்று நினைப்பார்கள். இல்லை. அந்தச் சுத்தியலை மெதுவாக, சத்தமில்லாமல் கீழே வைத்ததுதான்.

“அப்பிடியே பக்கவாட்டில நகரும் தம்பி. முன்னுக்கு இல்லை, பக்கவாட்டில. தங்கச்சி, நீங்களும் வெளியில போங்கோ. மதாமையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

பிறகு செய்ததை இங்கே விவரமாக எழுதமாட்டேன். மணல் பீப்பாய் எங்கே இருக்கிறது, அதன் பக்கம் குழலை எப்படித் திருப்புவது, எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. சந்தனம் இரும்பு இல்லை. அதற்கு அடி தேவையில்லை, ஈரமும் பொறுமையும் போதும். இளஞ்சூட்டுத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் துளித்துளியாக ஊறவிட்டேன். கதவுக் கண்ணாடிக்கு வெளியே குகன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ரஞ்சி கும்பிட்டுக்கொண்டு நின்றார். மதாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. அவசரம் வெளியே நின்றவர்களுடையது. துவக்கோடு உள்ளே நின்றவன் நான். இரண்டையும் கலக்கக் கூடாது.

கடைசியில் கைபிடி தானே மனம் வைத்ததுபோல எழும்பியது. போல்டை இழுத்தேன். ரவை வெளியே வந்தது. அதன் அடியில், ஊசி வந்து அடிக்கும் இடத்தில், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

உள்ளே வந்த ரஞ்சி அதைப் பார்த்துவிட்டு, “அதுக்கும் வைச்சனான்தான்,” என்றார் மெல்ல.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்த சனம் நாங்கள்,” என்றேன். “இஞ்ச வந்து பொட்டு வைச்சுச் சாமி அறையில படுக்க வைச்சிருக்கிறியள்.”

“அதைத்தான் அண்ணை நானும் சொல்றன்!” என்றார் ரஞ்சி, பொட்டு வைத்தது வேறு யாரோ போல.

குகனுக்கு நான் கொடுத்த ஏச்சை இங்கே எழுதினால் மதாம் கிழித்துவிடுவார். விளங்கப்படுத்தியதும் மதாமும் தன் பங்குக்குக் கொடுத்தார், அது பிரெஞ்சில் இன்னும் காரமாக இருந்தது. வகுப்பைத் திரும்ப எடுத்து முடிக்கும்வரை அவருடைய துவக்கு பட்டறைப் பெட்டகத்தை விட்டு வெளியே வராது என்றார். எல்லாம் முடிந்தபோது குகன் ஸ்டூலில் அமர்ந்திருந்தார்.

“பிழைதான், அண்ணை. சுத்தப் பிழை. ஆனா அவர் வந்திடுவார். நான் என்னெண்டு போறது?”

நான் உள்ளே போய்க் கழுதையை எடுத்து வந்தேன். கழுதை என்பது பட்டறையின் சோதனைத் துவக்கு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக்‌ஷனில் ஒரு கீறல் விழுந்ததால் விற்க முடியாமல் போனது. பிடி வேறொரு துவக்கினுடையது, நிறம் ஒட்டாது. பூச்சு உரிந்த இடத்தில் நாடா சுற்றியிருக்கும். ஆனால் அந்த வேட்டை ஆக்‌ஷனை நான்தான் செய்தேன். மணலில் போட்டுக் குலுக்கி எடுத்தாலும் திறக்கும், பூட்டும், சுடும். இனி ஒரு ரவையும் பெட்டியை விட்டு, றெஜான் பக்கத்தில் நின்று பார்க்காமல், துவக்குக்குள் போகாது என்று ரஞ்சியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். மதாம் அதுவும் போதாதென்று, றெஜானுக்கே தொலைபேசி எடுத்து, முதல் தடவை போகிறவர், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பிறகுதான் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கழுதையைப் பார்த்ததும் குகன் அழாத குறை.

“இதையோ? இதைக் கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில நிக்கிறதோ? வெறுங்கையோட போறது மேல்.”

“வெறுங்கையோட வெளிக்கிடுங்கோ, அப்ப தெரியும்,” என்ற ரஞ்சி பெட்டியைத் தானே மூடி, பூட்டுப் போட்டு, தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை குகனும் ரஞ்சியும் பட்டறைக்குத் திரும்பி வந்தார்கள். குகனின் முகம் தைப்பொங்கல் பானை போலப் பொங்கி வழிந்தது.

“மூஸ் விழுந்ததோ தம்பி?”

“அதைவிடப் பெரிசு, அண்ணை. கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு!”

கதை இதுதான். விடியப்புறம் சம்பந்திமார் இருவரும் ஏரிக்கரையில் செம்மஞ்சள் அங்கியோடு பதுங்கியிருந்திருக்கிறார்கள். றெஜான் மரப்பட்டைக் குழலில் வாயை வைத்து, பெண் மூஸ் போலக் கத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நாணலை விலக்கிக்கொண்டு ஒரு ஆண் மூஸ் வந்து நின்றது. ஒரு வான் வண்டி அளவு. கொம்பு மட்டும் கட்டில் அளவு. றெஜான் கையால், முதலில் நீரே சுடும் என்று காட்டினார். குகன், இல்லை, நீங்கள் சுடுங்கோ என்று காட்டினார்.

“மாப்பிள்ளையின்ர தேப்பன் எல்லோ, அண்ணை. பொம்பிளைப் பகுதி முந்திச் சுடலாமோ? சபையில ஆர் முதல் மாலை போடுறது?”

றெஜான், நீர் என் விருந்தாளி, நீர்தான் என்றார். குகன், நீங்கள் மூத்தவர், நீங்கள்தான் என்றார். அவர் இவருடைய முதுகைத் தள்ள, இவர் அவருடைய முழங்கையைத் தள்ள, மூஸ் நின்று, இருவரையும் பார்த்து, சம்பந்தம் பேசும் வீட்டில் தேத்தண்ணி வராமல் சலித்த ஆள்போலத் திரும்பிப் போய்விட்டது. றெஜான் சிரிக்கத் தொடங்கியவர், குடிலுக்குத் திரும்பும்வரை சிரித்தாராம். பிறகு குகனைக் கட்டிப்பிடித்து, இப்படி ஒரு மரியாதையான மனிதரை நான் காட்டில் கண்டதில்லை என்றாராம்.

ரஞ்சி காரை எடுத்து வரப் போன பிறகு, குகன் கவுண்டருக்கு மேலாகக் குனிந்தார்.

“அண்ணை, உங்களுக்கு மட்டும் சொல்றன். மரியாதை ஒரு பக்கம். அது வந்து நிண்டோடன கை உதறத் தொடங்கிட்டுது. சுட்டுப் பிழைச்சா அவருக்கு முன்னால என்ன முகத்தோட நிக்கிறது? அதுதான் தள்ளி விட்டனான்.”

“அது பிழையில்லைத் தம்பி. உதறுற கையால சுடாதவன்தான் வேட்டைக்காரன்,” என்றேன். அதை நான் உண்மையாகத்தான் சொன்னேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகொரு நாள் வெள்ளைத் தாடியோடு பெரிய உருவம் ஒன்று பட்டறைக்குள் வந்தது. பழைய துவக்கு ஒன்றை மேசையில் வைத்தார். போல்ட் கிலுகிலுவென்று ஆடியது. அது ஆடிய விதத்திலேயே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மிஸியே,” என்றார் றெஜான், “என் சம்பந்தியின் அந்தத் துவக்கைச் செய்தது நீர்தானே?”

“நான்தான்.” எந்த நிலையிலும் இதை ஒத்துக்கொள்ள நான் தயங்குவதில்லை.

“அவர் மினுங்கும் துவக்கோடு வருவார் என்று நினைத்திருந்தேன். நகரத்து ஆட்கள் அப்படித்தான் வருவார்கள். இவர் நாடா சுற்றிய துவக்கோடு இறங்கினார். பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முதல் தடவை என்று மதாம் சொன்னது சும்மா, இந்த மனிதர் வேட்டைக்கென்றே பிறந்தவர் என்று நினைத்தேன்.” சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு மூஸ் இரண்டாகத் தெரிந்தது. எதைச் சுடுவது? இப்படிப்பட்டவருக்கு முன்னால் பிழைவிட்டால் என்ன முகத்தோடு நிற்பது? அதனால்தான் அவரைத் தள்ளிவிட்டேன். அவருக்குச் சொல்லிவிடாதேயும்.”

தம்பி, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் எனக்கு வந்த சிரிப்பை அடக்கியது, சுத்தியலைக் கீழே வைத்ததற்கு அடுத்தபடியான சாதனை. ஒரு சொல் சொல்லியிருந்தால் இருவரும் சமமாகியிருப்பார்கள். சமமாகியிருந்தால் இருவருக்கும் மதிப்பும் போயிருக்கும். குகன் தேடி வந்தது இறுக்கமான ஆக்‌ஷனை இல்லை. சம்பந்தி தன்னை ஒரு ஆளாக நினைக்க வேண்டும் என்பதைத்தான். அது கிடைத்துவிட்டது. நான் யார் அதைத் திருப்பி வாங்க? றெஜானிடம், கண்ணைக் காட்டி மருந்து செய்யும்வரை காட்டுக்குள் துவக்கோடு போகக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். கேட்டார். அடுத்த வருடத்துக்குள் கண்ணைச் சரிசெய்துவிட்டார்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. தர்ஷியை அந்த வீட்டில் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். தகப்பன்மார் இருவரும் வருடம் தவறாமல் ஏரிக்கரைக்குப் போகிறார்கள். இப்போது றெஜானுக்கு மூஸ் ஒன்றாகத்தான் தெரியும். குகனின் கையும் உதறுவதில்லை, அவர் மாதந்தோறும் மைதானத்தில் சுட்டுப் பழகுகிறார். துவக்குகளும் திறம். குகனுக்கு அதே வால்நட் பிடியில் ஆடும் ஆக்‌ஷன் ஒன்று போட்டுக் கொடுத்தேன். றெஜானின் துவக்குக்கும் புது உயிர் கொடுத்தேன். மூஸும் வருகிறதாம், வந்து நிற்கிறதாம். முதல் வருடம் கொடுத்த மரியாதையை இப்போது யார் முதலில் விடுவது என்றுதான் இருவருக்கும் பிரச்சினை.

நான் வேலையில் இருந்தவரை இந்த இரண்டு துவக்கையும் நானே பார்த்தேன். இனி நீங்கள். வேட்டைக்குப் போக முன்னர் இருவரும் துடைப்பித்துக்கொண்டு போவார்கள், வேட்டைக்காலம் முடிந்ததும் திரும்பக் கொண்டு வருவார்கள், தனித்தனி நாளில். முகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, “இந்த முறை நல்லாச் சுட்டது, வடிவாத் துடைச்சுத் தாருங்கோ,” என்பார்கள். குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பியபடியே, ஒரு பொட்டுக் கரிகூட இல்லாமல் பளபளவென்று இருக்கும்.

ஒன்றும் சொல்லாதீர்கள். துடைத்துக் கொடுங்கள்.